வடத்தின் மறுமுனை

கஸ்பார் தண்டலிடம் வேலை கேட்டுப் பலர் வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டு வந்தவன் அருளப்பன் ஒருவன்தான்.

தூத்துக்குடியில் பாய்மரத் தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். கஸ்பார் தண்டலின் தோணி கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகும். அங்கே கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். அருளப்பன் உப்பளத்து ஆள். தண்டலைவிட ஒரு வயது மூத்தவன், காதோரம் நரைத்தவன். உப்பளத்து வரப்பில் நின்று கடலைப் பார்த்திருக்கிறானே தவிர, அதன் மேல் ஒருநாளும் போனதில்லை.

அவன் வந்தபோது தண்டல் தோணியின் மேல்தட்டில் உட்கார்ந்து அறுந்த கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் சவேரி உங்க தோணியிலதான் போனாக."

"ஆமா."

"திரும்பி வரல."

"ஆமா."

"வடத்த வெட்டுன்னு அவுகளே சொன்னதா ஊரெல்லாம் பேசுது. நெசமா?"

"சொன்னான். என் காதால கேட்டேன்."

"மனசறிஞ்சு சொன்னாகளா?"

தண்டலின் விரல்கள் நின்றன. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதுவே."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உமக்குத் தெரிய வரலாம். தோணிக்கு வாரும். மொதல்ல வார்த்தையப் படியும்."

"நான் வார்த்தை படிக்க வரல. ஒரு பதில் கேட்டு வந்தேன்."

"ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடக்கு" என்றார் தண்டல். மறுபடியும் கயிற்றைப் பின்னத் தொடங்கிவிட்டார்.

சவேரி போன கதை கரையில் எல்லோருக்கும் தெரியும். தோணியின் பின்னால் ஒரு சின்ன வள்ளம் வடத்தில் கட்டி இழுபட்டு வரும். அன்று மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டது. வள்ளத்தில் தண்ணீர் ஏறியது. இறைத்துவிட்டு வருகிறேன் என்று சவேரி அதில் இறங்கினான். அவன் இறங்கிய பிறகு காற்று இன்னும் வலுத்தது. தண்ணீர் நிறைந்த வள்ளம் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, தோணி அலைக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. வடத்தை வெட்டினால் தோணி பிழைக்கும். வெட்டாவிட்டால் எல்லோரும் போவார்கள். அப்போது வள்ளத்திலிருந்து சவேரி கத்தினான்: "வடத்தை வெட்டு!" வெட்டினார்கள். தோணி பிழைத்தது.

இதைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தத் தோணியில் இருந்தவர்கள். பிழைத்து வந்தவனுக்குத் தன் இடத்தில் செத்தவன் ஒரு புனிதனாக இருந்துவிட்டால் பெரிய நிம்மதி. சோறு தொண்டையில் சிக்காமல் இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை சவேரி பெயரில் பூசை வைத்தார்கள். எல்லோரும் வந்தார்கள். அவன் மனைவி மிக்கேலம்மாள் வரவில்லை.

அவள் வீட்டில் சவேரியின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. அதை அப்படி மாட்டியவளும் அவள்தான்.

"மதினி, ஊரே கும்பிடுது. நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று அருளப்பன் ஒருநாள் கேட்டுவிட்டான்.

"ஊருக்கு என்ன, அவுக சம்சாரமா அது?" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் கொழுந்தனாரே. அந்த வார்த்தையச் சொல்லும்போது என்னையும் பிள்ளையையும் நெனச்சாகளா, இல்லையா? நெனச்சுப் பாத்துட்டும் வெட்டுன்னு சொன்னாகன்னா, அந்தப் படம் அப்படியே செவுத்தப் பாத்துக் கெடக்கட்டும்."

இந்த ஒன்றைக் கேட்டு வரத்தான் அருளப்பன் போனான். உப்பளத்தில் கணக்கு முடித்துக்கொண்டு தோணியில் ஏறினான்.

கரையில் தண்டல் அவனை "நீரு" என்பார். தோணியில் கால் வைத்ததும் "ஏல" என்றார். அங்கே வயதுக்கு மரியாதை கிடையாது.

முதல் நாள் பாடம் இப்படி ஆரம்பித்தது.

"அந்தா, முன்னால கெடக்குற கயித்த எடு."

அருளப்பன் எடுக்கப் போனான்.

"எங்க போற?"

"முன்னால."

"முன்னாலன்னா எங்க? நீ இந்தப் பக்கம் திரும்பி நின்னா அது முன்னால. அந்தப் பக்கம் திரும்பி நின்னா பின்னால. தோணிக்குத் தலைப்பக்கம் அணியம். வால்பக்கம் அமரம். நீ தலைகீழா நின்னாலும் அணியம் அணியம்தான்."

"நீங்கதான முன்னாலன்னு சொன்னீங்க?"

"நான் தப்பாச் சொன்னா நீ தப்பாப் போவியா?"

அருளப்பனுக்கு எரிச்சல் வந்தது. பேசாமல் அணியத்துக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்தான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் பருமல் என்று பெயர். பாயின் கீழ்மூலையைப் பிடித்து நிறுத்தும் கயிறு தாமான். இறக்கு என்பதற்கு ஆரியா. காற்று என்று சும்மா சொன்னால் தண்டலுக்குக் காது கேட்காது. வாடையா, கொண்டலா, கச்சானா என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். கடலுக்குள் ஓடும் நீரோட்டம் நீவாடு. அருளப்பன் உப்பை வாரிப் பழகிய கையால் கயிற்றைத் தொட்டான். பழைய வெடிப்புகளெல்லாம் திறந்துகொண்டன.

"எதுக்கு இத்தனை வார்த்தை?" என்று கேட்டான்.

"கயிறுன்னு கத்துனா, இருக்குற கயித்துல எத அவுப்ப? தப்பான கயித்த அவுத்தா பாய் உன் தலையில வுழும்."

அது அவனுக்கு விளங்கியது. விளங்காதது அடுத்த பாடம்தான்.

தோணியில் ஏவலுக்கு மறுகுரல் உண்டு. தண்டல் ஒன்றைச் சொன்னால், அந்த வேலைக்கான கயிறு எவன் கையில் இருக்கிறதோ, அவன் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலை நடக்க வேண்டும். எல்லாத் தோணியிலும் உள்ள வழக்கம்தான். கஸ்பார் தண்டலின் தோணியில் அது வேதம்.

"தாமான இளக்கு" என்றார் தண்டல்.

அருளப்பன் இளக்கினான்.

ஒரு வாளிக் கடல்தண்ணீர் அவன் முகத்தில் வந்து விழுந்தது.

"எளக்கினேனே!"

"சொன்னியா?"

"செஞ்சா போதாதா?"

"காத்து பாதி வார்த்தையத் தின்னுரும்ல. நான் சொன்னதுதான் உன் காதுல வுழுந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் வாயில கேட்டாத்தான் தெரியும்."

"தாமான இளக்கு" என்றார் மறுபடியும்.

அருளப்பன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "தாமான இளக்கு" என்றான்.

இன்னொரு வாளி விழுந்தது.

"இப்பச் சொன்னேனே!"

"யோசிச்சுச் சொன்ன. யோசிக்கிறது என் வேலை. கடல் உனக்கு அவ்வளவு நேரம் தராது."

சோற்றில் கை வைத்திருக்கும்போது ஏவல் வரும். பல் விளக்கும்போது வரும். மத்தியானம் பாயின் நிழலில் கண் அசந்தால் அப்போதும் வரும். வாயில் சோறு இருந்தாலும் மறுகுரல் வர வேண்டும். வராவிட்டால் வாளி. கடல்தண்ணீர் பட்டுப் பட்டு அருளப்பனின் முகம் எரிந்தது. தண்டலை அவன் மனசுக்குள் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான். ஆனால் நாளாக ஆக வாளி குறைந்தது. பிறகு வாளியே தேவைப்படவில்லை.

அதே தோணியில் லாசர் என்று ஒருவன் இருந்தான். சுக்கான் பிடிக்கிறவன். அன்று கோடரியோடு வடத்தருகே நின்றவன் அவன்தான் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அருளப்பனைக் கண்டாலே லாசருக்குக் கண் கலங்கும். தன் பங்கு மீனை எடுத்து அவன் தட்டில் வைப்பான்.

"உங்க அண்ணன் எனக்குச் சாமி" என்பான்.

"அவுக வெட்டுன்னு சொல்லுறதுக்கு முன்னால வேற யாராவது ஏதாவது சொன்னாகளா?" என்று அருளப்பன் ஒருநாள் கேட்டான்.

லாசர் கடலைப் பார்த்தான்.

"காத்துல ஒண்ணும் கேக்கலப்பா."

"கோடரி உங்க கையிலதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. கீழ போட்டுட்டேன். தண்டல்தான் எடுத்து வெட்டுனாரு." அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

இடையில் தோணி கரை வந்தபோது அருளப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனான். மிக்கேலம்மாள் முற்றத்தில் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையை அவனிடம் கொடுத்து, "நல்லா இழுங்க" என்றாள்.

"நல்லா இழுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு இழுத்தான் அருளப்பன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

"உங்களுக்கும் தொத்திக்கிச்சா இந்தக் கிறுக்கு? அவுகளும் இப்படித்தான். கடைக்குப் போயிட்டு வாங்கன்னா, கடைக்குப் போயிட்டு வாங்கன்னு கத்திட்டுப் போவாக. தூக்கத்துல நான் ஏதாச்சும் ஒளறினாக்கூட அதத் திருப்பிச் சொல்லுவாக."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தவளாக ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"போன காரியம் என்னாச்சு?"

"இன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு மதினி. வார்த்தையப் படி, வார்த்தையப் படிங்கிறாரு."

"அவரு சொல்ல மாட்டாரு" என்றாள். "சொல்லுறதுக்கு இருந்தா அன்னைக்கே வந்து சொல்லியிருக்க மாட்டாரா? அந்த மனுசன் இந்த வாசப்படி மிதிக்கல கொழுந்தனாரே. பூசைக்குப் பணம் குடுத்து விடுதாரு. வாசப்படி மிதிக்கல."

அருளப்பன் மிகவும் யோசித்தபடி தோணிக்குத் திரும்பினான். ஆனால் கொடிக் கயிற்றைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. பாடம் படிக்கிறவனுக்குப் பாடம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெரிவதில்லை. எனக்கென்னவோ தண்டலுக்கும் அப்போது நிச்சயமாகத் தெரிந்திருக்காது என்றுதான் படுகிறது. தெரிந்திருந்தால் அவ்வளவு சிரமப்பட்டுப் படிப்பித்திருக்க மாட்டார்.

கொழும்பிலிருந்து திரும்பி வரும் வழி. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பாய் பேருக்குத்தான் புடைத்திருந்தது.

"வள்ளத்துல தண்ணி கெடக்கு. எறங்கி எற" என்றார் தண்டல்.

"எறங்கி எற" என்றான் அருளப்பன். வடத்தைப் பிடித்து வள்ளத்தை அருகே இழுத்து இறங்கினான். வள்ளம் மறுபடி பின்னால் நழுவிப் போயிற்று. டின்னால் தண்ணீரை மொண்டு ஊற்றினான். அண்ணன் இந்த இடத்தில்தானே குனிந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இறைத்தான். பிறகு, ஆட்டம் கொடுக்காமல் இருக்க ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

தண்டல் அமரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்டல்!" என்று கூப்பிட்டான் அருளப்பன். "வார்த்தையெல்லாம் படிச்சாச்சு. இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"இல்ல."

"அப்பச் சொல்லுங்க. எங்க அண்ணன் மனசறிஞ்சு சொன்னாகளா?"

தண்டல் டின்னைக் கை காட்டினார். "எறச்சு முடி" என்றார்.

"எறச்சு முடி" என்றான் அவன். ஆத்திரத்தோடு குனிந்தான். இந்த ஆளிடம் இனிமேல் கேட்பதில்லை, கரை சேர்ந்ததும் உப்பளத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். அந்த முடிவு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டின் மொள்ளும் சத்தத்திலேயே மனசு போய்விட்டது. பல்லிடுக்கில் ஒரு மீன் முள் சிக்கியிருந்தது. நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே, ஒரு கை வடத்தில், ஒரு கை டின்னில், இறைத்துக்கொண்டிருந்தான்.

"வடத்தை வெட்டு."

தாமானை இளக்கச் சொல்கிற அதே குரல்.

"வடத்தை வெட்டு!" என்றான் அருளப்பன்.

கோடரி இறங்கியது. வடத்தின் மேல் அல்ல, அதன் பக்கத்துப் பலகையில். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் நிமிர்ந்தான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அதற்கும் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கையிலிருந்த டின் நழுவி வள்ளத்துக்குள் உருண்டது.

சுக்கானில் நின்ற லாசர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சுக்கானைப் பிடி என்று தண்டல் அவனை அதட்டவில்லை. அவர் பலகையில் பதிந்த கோடரியைப் பிடுங்கவும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாடத்தை முடித்த குருவின் முகமாக அது இல்லை. தீர்ப்பைக் கேட்டுவிட்டவனின் முகமாக இருந்தது.

அருளப்பன் தானே வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, வள்ளத்தைத் தோணியின் அருகே கொண்டுவந்தான். மேலே ஏறவில்லை. வடத்தைப் பிடித்தபடி நின்றான்.

"அன்னைக்கு மொதல்ல சொன்னது யாரு?"

"நான்" என்றார் தண்டல். "கோடரி லாசர் கையில. மறுகுரல் அவன் தரணும். அவன் தரல. வாயடைச்சு நின்னான். வடத்தோட இந்த முனையில கை வச்சிருந்தவன் ஊமையாயிட்டான்."

"அந்த முனையில?"

"உங்க அண்ணன் கை வச்சிருந்தான்."

தோணி மெல்ல அசைந்தது. பாயில் காற்று விழுந்து எழுந்தது.

"சத்தம் வந்துச்சு. நான் வெட்டுனேன்" என்றார் தண்டல். "சம்மதம் சொல்லிட்டான்னு நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான் அடுத்த நாள் எந்திரிக்க முடிஞ்சுச்சு. ஆனா ஒரு சந்தேகம் உள்ள கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சுவே. நீரு வந்து கேட்டீரா, அப்பத் தோணுச்சு. உம்மள வச்சுப் பாத்தாத் தெரியும்னு."

"நான் வாய் தெறக்காம இருந்திருந்தா?"

"நான் பொழச்சிருப்பேன்."

அருளப்பனுக்கு அவர் மேல் பாய வேண்டும் போல இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் வடத்தை இறுக்கிப் பிடித்தான். மதினி வீட்டுச் சுவரில் முதுகு காட்டித் தொங்கும் படம் அவன் கண்ணில் வந்து நின்றது.

"மதினிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

தண்டல் அவனைப் பார்த்தார். கடல் நடுவில், தோணிக்குள் இருந்துகொண்டு, முதல் முறையாக அவனிடம் கரைப் பேச்சில் பேசிக்கொண்டிருந்தார்.

"வெட்டுன்னு சொன்னீரே. அப்ப என்னவே நெனச்சீரு?"

அருளப்பன் யோசித்துப் பார்த்தான். அந்த இடத்தில் தேடிப் பார்த்தான். மீன் முள் இருந்தது. வேறு எதுவும் அங்கே இல்லை.

"ஒண்ணும் நெனைக்கல."

"அதப் போய்ச் சொல்லும்" என்றார் தண்டல்.